புதுச்சேரி ஈரக்காற்றில் சுருட்டு வைக்க ஒரு டப்பா

சுருட்டு வைக்க 70 சதவீத ஈரப்பதமும் 70 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பமும் வேண்டும் என்பதுதான் எங்கே போய்ப் படித்தாலும் முதலில் கண்ணில் படும் விதி. 70 ஃபாரன்ஹீட் என்றால் நமக்குப் புரிகிற கணக்கில் 21 டிகிரி. முத்தியால்பேட்டையில் மார்கழி, தை விடியற்காலையில் அந்த 21 எட்டிப் பார்க்கும், வெயில் ஏறியதும் போய்விடும். மற்ற மாதங்களில் வீட்டுக்குள்ளேயே 29, 30, கத்திரி வெயிலில் இன்னும் மேலே. ஈரப்பதத்தைக் கேட்கவே வேண்டாம், அலமாரியில் வைத்த தோல் பெல்ட்டில் பூஞ்சை பூக்கிற ஊர் இது. குளிர்நாடுகளில் காற்று காய்ந்து கிடக்கிறது, ஹீட்டர் போட்டால் இன்னும் காய்கிறது, அதனால் அங்கே பெட்டிக்குள் ஈரத்தை ஏற்றுவதற்குப் பாடுபடுகிறார்கள். நமக்கு வேலை நேர் எதிர். ஈரத்தையும் சூட்டையும் வெளியே நிறுத்த வேண்டும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம் எனக்குப் பிடிபட்டது.

சுருட்டு எனக்குப் புதுசு. சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா. பாரீஸ் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது ஒரு பெட்டி நிகரகுவா சுருட்டு வாங்கி வந்தார். வெளிநாட்டில் இருந்து விமானத்தில் வருகிறவர் தீர்வை இல்லாமல் 25 சுருட்டு வரை கொண்டு வரலாம், பெட்டியில் இருந்ததும் அதே 25. ரொபஸ்டோ என்கிற அளவு, ஏறக்குறைய ஐந்து அங்குல நீளம், 50 ரிங். ரிங் என்பது ஓர் அங்குலத்தை 64 ஆகப் பிரித்த கணக்கு, ஆக 50 ரிங் என்றால் கிட்டத்தட்ட 20 மில்லிமீட்டர் தடிமன். "ஒண்ணொண்ணும் கையால சுத்தினதுடா, அலமாரியில போட்டு வீணாக்கிடாதே" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். எப்போதாவது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒன்று என்று வைத்தால் இதைத் தீர்க்க அரை வருடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஒரு கோடையோ ஓர் அடைமழையோ வந்தே தீரும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க நினைப்பவருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நுரையீரலுக்கு இழுப்பதில்லை என்பதால் அது சிகரெட்டை விடப் பத்திரம் என்று பலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய் இதிலும் வரும். இதுவரை புகையே தொடாதவர் என்றால் தொடாமலே இருங்கள் என்றுதான் மனதாரச் சொல்வேன்.

சரி, பெட்டி. சுருட்டுக்கென்றே விற்கிற மரப்பெட்டிகள் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் மூடி மரமும் உடல் மரமும் உரசி உட்காருவதைத்தான் அவை நம்பி இருக்கின்றன, ரப்பர் வளையம் கிடையாது. ஐப்பசி மழையில் நம் வீட்டுக் கதவுகளே உப்பி நிலையில் மாட்டிக்கொள்ளும்போது அந்த மூடி எப்படி அதே இடத்தில் உட்காரும்? வாங்கவில்லை. பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் நாலு பக்கமும் கிளிப் வைத்த பிளாஸ்டிக் டப்பா எடுத்தேன், மூடியைச் சுற்றி சிலிக்கான் வளையம் ஓடுகிற வகை, ஐந்து லிட்டர் வாக்கில். கடையில் எல்லா டப்பாவும் காற்றுப் புகாது என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்கு வந்ததும் காலி டப்பாவை மூடி ஒரு பக்கெட் தண்ணீரில் முழுக்க அமுக்கிப் பிடித்து, கிளிப் கிளிப்பாக மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது குமிழி கிளம்பினால் அந்த டப்பா அரிசி பருப்புக்குப் போகட்டும். வெளியே எடுத்துத் துடைத்துத் திறந்ததும் உள்ளே விரலால் வளையத்தின் அடியில் தடவுங்கள், ஈரம் ஒட்டக்கூடாது. இதில் தேறிய டப்பாவைச் சுடுதண்ணீரில் சமையல் சோடா போட்டுக் கழுவி, பிளாஸ்டிக் வாசனை சுத்தமாகப் போகும்வரை நிழலில் திறந்தே போட்டு வைத்தேன். சுருட்டு இலை பக்கத்தில் என்ன வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும், அதனால் இதில் அவசரப்படக்கூடாது.

அடுத்தது ஈரப்பத மீட்டர். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும் டிஜிட்டல் மீட்டர் போதும், ஆனால் அது காட்டுகிற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு உப்புச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போன வேலை. சாதா உப்பைத் தண்ணீரில் குழைத்து ஒரு மூடிய இடத்தில் வைத்தால், அங்கே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நின்றுவிடும். அறை 20 டிகிரியில் இருந்தாலும் 30 டிகிரியில் இருந்தாலும் இந்த 75 பெரிதாக அசையாது. பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும், உப்பு கரைந்து ஓடிவிடக்கூடாது. மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு, மீட்டர் மேல் உப்பு படாமல் ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். என் மீட்டர் 79 காட்டியது. ஆக அது என்ன காட்டினாலும் 4 கழித்துக்கொள்கிறேன், டப்பா மேல் சின்ன ஸ்டிக்கரில் "-4" என்று எழுதியும் வைத்திருக்கிறேன். இந்தச் சோதனைக்குக் கல்லுப்பு வேண்டாம். மரக்காணம் உப்பளத்துக் கல்லுப்பு சமையலுக்கு அருமையானது, ஆனால் கடல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீரை இழுக்க ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி அடியில் தண்ணீர் விடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சோதனையில் அது கணக்கைக் கெடுக்கும்.

ஈரத்தைச் சமன் செய்ய போவேடா பாக்கெட். உள்ளே உப்புக் கரைசல், வெளியே நீராவி மட்டும் போய்வரும் தாள். காற்று காய்ந்தால் ஈரத்தை விடும், ஈரம் கூடினால் இழுத்துக்கொள்ளும். 62, 65, 69, 72 என்று எண் போட்டு விற்கிறார்கள், 60 கிராம் பாக்கெட் ஒன்று 25 சுருட்டுக்குக் கணக்கு. எந்த எண்ணை வாங்குவது என்பதில்தான் நம் ஊர் விவகாரம் வருகிறது. வெளிநாட்டில் 69ஐத்தான் அதிகம் சொல்கிறார்கள், அது 21 டிகிரிக்குச் சொன்னது. 30 டிகிரியில் 70ஐத் தொட்டுக்கொண்டு நின்றால் பூஞ்சைக்கு நாமே இலை போட்டுப் பரிமாறின மாதிரி. நான் 65 போட்டேன். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே போகிறது, பாக்கெட் அந்த ஈரத்தையும் இழுக்க வேண்டும், ஆகவே நம் ஊரில் பாக்கெட் காய்ந்து கல்லாவதை விட உப்பிப் போவதுதான் அதிகம் நடக்கும். உப்பித் ததும்பினால் மாற்றிவிட வேண்டும்.

மரம் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக்கில் வைத்தாலும் சுருட்டு கெடாது. இருந்தாலும் மரம் வைத்தால் ஈரம் ஒரேயடியாக ஏறி இறங்காது, வாசனையும் சேரும். சுருட்டுக்காரர்கள் ஸ்பானிஷ் சீடர் என்று சொல்லும் மரம் மத்திய அமெரிக்கப் பக்கத்தது, பெயரில் சீடர் என்று இருந்தாலும் வேப்ப மரக் குடும்பம். அதே குடும்பத்தில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது சந்தன வேம்பு, முன்பு தேயிலைப் பெட்டி செய்யப் பயன்பட்ட மரம். குயவர்பாளையத்தில் ஓர் ஆசாரியிடம் பழைய சந்தன வேம்புப் பலகை கிடந்தது. இழைப்புளி ஓடிய முதல் ஓட்டத்திலேயே செம்பழுப்பாகச் சுருள் உதிர்ந்தது, லேசான இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை, பட்டறை முழுக்க நின்றது. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தட்டுகள் சீவித் தரச் சொன்னேன். "வார்னிஷ் அடிக்காம எப்படித் தம்பி கொடுக்கறது, சீக்கிரம் கறுத்துடும்" என்றார். "கறுத்தா பரவாயில்லண்ணே, வார்னிஷ் வாசனை உள்ள வைக்கற சாமான்ல ஒட்டிக்கும்" என்றதும் புரிந்துகொண்டு, பசையும் இல்லாமல் முனைகளில் பொளிந்து ஒன்றோடொன்று கோத்துக் கொடுத்தார். தேக்கு வேண்டாம், அதன் எண்ணெய் வாசனை தூக்கலாக இருக்கும். மரத்தட்டைப் போட்ட உடனே சுருட்டை வைக்கக்கூடாது. காய்ந்த மரம் சுருட்டில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈர மரம் ஈரத்தைக் கொடுக்கும். பாக்கெட்டையும் மீட்டரையும் மட்டும் உள்ளே போட்டு மூடி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி வண்டு. உண்மையில் நம் ஊரில் சுருட்டுக்குப் பெரிய எதிரி இதுதான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், செம்பழுப்பு நிறத்தில், தலையைக் கீழே மடக்கிக் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும். சமையலறைக்காரர்களுக்கு இது பழைய ஆள்தான். மல்லி டப்பாவிலும் விரலி மஞ்சளிலும் காய்ந்த மிளகாயிலும் ஓட்டை போடுகிற அதே வண்டு, புகையிலையிலும் குடியிருக்கும். இலை கிடங்கில் கிடக்கும்போதே முட்டை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். 21 டிகிரியில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும், 30 டிகிரி அதற்கு மிகவும் ஒத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து புழு உள்ளே தின்றுகொண்டே போய், வண்டாகி, குண்டூசி குத்தியது போன்ற ஒரு துளை வழியாக வெளியே வரும். அந்தத் துளை வழியாகக் காற்று போவதால் இழுத்தால் புகை வராது. மச்சான் ஒருவரின் மரப்பெட்டியில் இதை நேரில் பார்த்தேன். அடித்தட்டில் பழுப்பு மாவு கொட்டிக்கிடந்தது, ஒரு சுருட்டைத் தட்டினால் இன்னும் உதிர்ந்தது.

அதனால் எந்தச் சுருட்டு வீட்டுக்கு வந்தாலும் முதலில் ஃபிரீசர், அப்புறம்தான் டப்பா. கியூபாவிலேயே ஏற்றுமதிக்கு முன் உறைய வைத்துத்தான் அனுப்புகிறார்கள், இதில் தயங்க ஒன்றும் இல்லை. ஒரு ஜிப்லாக் பைக்குள் இன்னொரு பை, காற்றை முடிந்தவரை பிதுக்கி வெளியேற்ற வேண்டும். முதல் நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். பிறகு ஃபிரீசரில், மைனஸ் 18 டிகிரி, ஒரு வாரம் விட்டுவிடுவேன், மூன்று நாலு நாளே போதும் என்பவர்களும் உண்டு. திரும்ப ஒரு நாள் ஃபிரிட்ஜ். பிறகு வெளியே, ஆனால் பையைத் திறக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை. கடைசிப் படிதான் நம் ஊரில் மிக முக்கியம். அறையில் 30 டிகிரியும் 75 சதவீத ஈரமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருள் மேலும் காற்றில் உள்ள ஈரம் நீராக இறங்கும். தண்ணீர் பாட்டில் வியர்ப்பது அப்படித்தான். பையை உடனே திறந்தால் அந்த வியர்வை சுருட்டின் மேல் இலையில் இறங்கி, இலை உப்பி வெடிக்கும். பை மூடியிருந்தால் வியர்வை பைக்கு வெளியேதான் நிற்கும், துடைத்துவிட்டால் போச்சு.

ஒயின் வைக்கும் சின்னக் குளிர்பெட்டி வாங்கி அதில் சுருட்டை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். கொள்கையாகப் பார்த்தால் நல்லதுதான், 18, 20 டிகிரியில் வண்டுக்கும் பூஞ்சைக்கும் வேலை இல்லை. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் மேலே சொன்ன அதே வியர்வை, கரண்ட் போனால் ஏற்றம், வந்தால் இறக்கம். 25 சுருட்டுக்கு அது தேவையில்லை. டப்பாவைத் தரைத்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே, தரையை ஒட்டின தட்டில், மேற்குச் சுவரில் இருந்து தள்ளி வைத்திருக்கிறேன். மே மாத மதியத்தில்கூட மாடி அறையை விட அங்கே மூன்று டிகிரி குறைவு, அதை விட முக்கியமாக, பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை.

இந்த ஏற்பாடெல்லாம் நாக்குக்குத் தெரிகிறதா என்று பார்க்க, ஒரே பெட்டிச் சுருட்டுகளை மூன்று இடத்தில் பிரித்து வைத்தேன். கொஞ்சம் 65 பாக்கெட் டப்பாவில், கொஞ்சம் 69 போட்ட இன்னொரு டப்பாவில், இரண்டை மட்டும் கடையில் கொடுத்த அட்டைப்பெட்டியிலேயே அலமாரியில். நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துக் காகிதப் பட்டையில் எழுதி வைத்தேன். என் அனுபவத்தில் மீட்டரை விடத் தராசு நல்ல சாட்சி, ஏனென்றால் மீட்டர் காற்றைச் சொல்கிறது, தராசு சுருட்டையே சொல்கிறது. 65 டப்பாவில் இருந்தவை எடையில் அசையவே இல்லை. அலமாரியில் இருந்தவை மழை பிடித்ததும் அரை கிராம் வரை கூடின, 13 கிராம் பொருளில் அது அதிகம்.

புகைத்துப் பார்த்ததில் வித்தியாசம் எண்ணிலேயே நிற்கவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே, கடல்காற்று நேராக அடிக்காத மூலையில் உட்கார்ந்துதான் பார்ப்பேன், காற்று ஒரு பக்கமாக அடித்தால் நல்ல சுருட்டும் கோணலாகத்தான் எரியும். சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும், வெறும் வயிற்றில் நிகோட்டின் தலையைச் சுற்றும், பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தால் நல்லது. தலைப்பக்கம் தொப்பி மாதிரி ஒட்டிய இலை எங்கே முடிந்து உடல் ஆரம்பிக்கிறதோ அந்தக் கோட்டுக்கு மேலேயே வெட்ட வேண்டும், கீழே இறங்கினால் மேல் இலை முழுவதும் பிரிந்து வந்துவிடும். பற்றவைக்காமல் ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தால் காற்று எவ்வளவு தாராளமாக வருகிறது என்று தெரியும். தீயை நுனியில் படவிடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சுருட்டைச் சுற்றிக்கொண்டே நுனி முழுக்க ஒரே சீராகக் கறுக்க வைத்து, அதன் பிறகுதான் முதல் இழுப்பு. நிமிடத்துக்கு ஒன்று போதும். வேகம் கூடினால் சூடேறிக் கசக்கும்.

65இல் இருந்தது நேராக எரிந்தது, வெள்ளைச் சாம்பல் ஓர் அங்குலம் வரை உதிராமல் நின்றது. முதல் பாகத்தில் மிளகுக் காரம் மூக்கில் ஏறியது, நடுவில் அது இறங்கி வறுத்த காப்பிக்கொட்டையும் மரமுமாக ஒரு சுவை, அதன் அடியில் லேசான இனிப்பு. கடைசிப் பாகத்தில் காரம் திரும்ப வந்தது, விரலில் சூடு தெரிந்ததும் அப்படியே சாம்பல் தட்டில் வைத்துவிட்டேன், தானாக அணைந்துவிடும், நசுக்கினால்தான் நாற்றம். 69இல் இருந்ததும் அதே சுவைகள்தான், ஆனால் இழுக்கக் கொஞ்சம் இறுக்கம், பாதியில் அணைந்து திரும்பப் பற்றவைக்க வேண்டியிருந்தது. அலமாரிச் சுருட்டு வேறு பொருளாகவே ஆகியிருந்தது. விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது, பற்றவைத்ததும் உள் இலை சூட்டில் விரிந்து மேல் இலை நுனியில் இருந்து கீறல் விட்டது, மிளகும் இல்லை காப்பியும் இல்லை, ஈர வைக்கோல் எரிகிற வாசனை மட்டும். கையால் சுற்றின ஒருவரின் உழைப்பு அப்படிப் போவதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஈரமான சுருட்டைப் புகைக்கும் முன் ஒரு நாள் வெளியே எடுத்து வைத்தால் காய்ந்து சரியாகிவிடும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் ஐப்பசியில் அதைச் செய்தால் இன்னும் ஈரமாகித்தான் திரும்பும். ஏசி ஓடுகிற அறையில் ராத்திரி முழுக்க வைத்தால் பலன் உண்டு, அங்கே ஈரம் 50, 55க்கு இறங்கும், காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லை என்றால் ஒரு சின்ன டப்பாவில் 62 பாக்கெட்டோடு நாலைந்து நாள் போடுங்கள், அது எல்லாவற்றையும் விட நிதானமான வழி.

பெட்டிக்கடையில் கிடைக்கும் திருச்சி, உறையூர் சுருட்டுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். நம் வெயிலுக்குப் பழகின இலை, இரண்டு முனையும் திறந்தது, காய்ந்தே புகைக்கிற பொருள். அதற்கென்று ஒரு தனித்தன்மை இருக்கிறது, நிகரகுவாச் சுருட்டில் கிடைக்காத ஒரு மண்காரம். ஆனால் அதன் வாசனை பலமானது, அதை இந்த டப்பாவுக்குள் சேர்க்காமல் பாக்கெட் போடாத ஒரு தகர டின்னில் தனியாக வைத்திருக்கிறேன். ஆவணி முடிவதற்குள் 65ஐ எடுத்துவிட்டு 62 போட்டுவிடுவேன், தை பிறந்ததும் திரும்ப 65. இடையில் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அடித்தட்டை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டிப் பார்க்கிறேன், பழுப்பு மாவு விழுகிறதா என்று.